நீலமாகாத பேர்

நான் எப்படி வெப்சைட் வேலைக்கு வந்தேன்னு எங்க அப்பா சின்னசாமிகிட்ட கேட்டா, "எல்லாம் அந்தத் தறி சத்தத்தால வந்தது"ன்னுவாரு. பொய் இல்ல.

குடியாத்தத்துல எங்களுக்கு பவர்லூம். லுங்கிதான் ஓட்டறோம். ஊர்ல நாலு பேர் வெப்சைட் வெச்சதும் அப்பாவுக்கும் ஆசை வந்துடுச்சு. சென்னையிலேர்ந்து ஒருத்தன் வந்து செஞ்சு குடுத்தான். திறந்தா மொதல்ல கருப்பா இருக்கும். நடுவுல ஒரு தறி நாடா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடும், டக் டக்னு சத்தம் வரும். அப்புறம் எங்க கம்பெனி பேர் ஒவ்வொரு எழுத்தா பறந்து வந்து உக்காரும். சொந்தக்காரங்க எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுப் பார்த்தாங்க. ஆர்டர்னு ஒண்ணு வரணுமே, வரவே இல்ல. அப்பா ஒருநாள் கடுப்பாகி, "தறி சத்தம் கேக்கறதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குடி, அதான் வீட்லயே காது கிழியுதே"ன்னாரு.

வேலூர் லாங் பஜார்ல ஒரு கிறிஸ்டியன் பொண்ணு நல்லா செய்யறான்னு யாரோ சொன்னாங்க. போனேன். கீழ பித்தளைப் பாத்திரக் கடை, மேல அவ ஆபீஸ். மாடிப்படிய மறிச்சு எப்பவும் ஒரு கைவண்டி நிக்கும். அதைத் தாண்டி ஏறிப் போனா, கண்ணாடி போட்டுக்கிட்டு, எண்ணெய் வெச்சு இறுக்கிப் பின்னிக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கா. பார்த்தா சண்டே ஸ்கூல் டீச்சர் மாதிரி இருந்தா. பேசினாத்தான் தெரியும், அவ்ளோ கறார். அவதான் இவாஞ்சலின். என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. நான் இவான்னுதான் கூப்பிடுவேன்.

எங்க சைட்டைத் திறந்து, நாடா ஓடி முடியற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டுப் பார்த்தா. அப்புறம் மவுஸை என் பக்கம் தள்ளி, "உங்க கம்பெனி பேர் மேல வெச்சு அழுத்தி இழுங்க"ன்னா.

இழுத்தேன்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

"அதான் வெவகாரம். இழுத்தா நீலமாச்சுன்னா அது எழுத்து. ஆவலன்னா படம். கூகுளுக்குக் கண்ணு கெடையாதுங்க. அது எழுத்தை மட்டும்தான் படிக்கும். உங்க பேரு, ஊரு, லுங்கி, எல்லாத்தையும் படமாவே போட்டு வெச்சிருக்கான். அதைப் பொறுத்தவரைக்கும் இது வெத்துப் பேப்பர். குடியாத்தம் லுங்கின்னு எவன் தேடினாலும் நீங்க வர மாட்டீங்க."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. காசு குடுத்து ஒளிஞ்சுக்கிட்டிருக்கோம்னு அப்பதான் புரிஞ்சுது.

அவ எல்லாத்தையும் கலைச்சுட்டு முதல்லேர்ந்து செஞ்சா. வெள்ளைப் பின்னணி. ஒவ்வொரு லுங்கியும் ஒரு போட்டோ, கீழ அது இன்னா ரகம், எந்த ஊரு, எல்லாம் நெசமான எழுத்துல. போன் நம்பர் மேலயே. செஞ்சு முடிச்சுட்டு தலையச் சாய்ச்சுக்கிட்டு ஸ்கிரீனையே பார்த்து, "முனவ்வர் அம்மி எங்க அமுக்குவாங்க?"ன்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டா. யாரோ மாமியார் போலருக்குன்னு நெனச்சேன். கழுத்துல தாலியக் காணோமேன்னும் நெனச்சேன்.

மூணாம் மாசம் கொச்சியிலேர்ந்து ஒரு துணிக்கடைக்காரர் அப்பாவுக்கு போன் பண்ணாரு. அப்பா அன்னிக்குப் பேசின பேச்சு தெரு முழுக்கக் கேட்டுச்சு. நான் பி.காம். படிச்சுட்டு வீட்ல சும்மாதான் இருந்தேன். இவாவுக்கு வேலை தெரியும், ஆளுங்களைச் சமாளிக்கத் தெரியாது. சிவப்பு எழுத்து மின்னணும்னு ஒருத்தர் கேட்டா, "அப்ப சீரியல் பல்பு வாங்கி மாட்டிக்குங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவா. இப்படிப் பேசினா கடை விளங்குமா? நான் வந்து பேசறேன்னு சேர்ந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் செந்தில்குமார், "தினம் பஸ்ஸுல வேலூரா"ன்னு முனகினாரு. முனகிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

சேர்ந்த அப்புறமும் அந்த முனவ்வர் அம்மி பேச்சு ஓயல. எந்தக் கம்பெனி சைட்டா இருந்தாலும் கடைசியில அதே கேள்விதான். ஒருநாள் சாப்பிடறப்ப கேட்டுட்டேன், யாரு அதுன்னு. டப்பாவை மூடி வெச்சுட்டுச் சொன்னா.

தொண்ணூத்தொம்பதுல இவா ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல படிச்சிருக்கா. அவங்க அம்மா ஆக்னஸ் நர்ஸ், குடும்பம் பாகாயத்துல குவார்ட்டர்ஸ்ல இருந்துச்சு. சென்டர்ல ரெண்டு பேருக்கு ஒரு மெஷின். இவாவுக்கு ஜோடியா வந்தவ நசீமுன்னிசா. ஆம்பூர்லேர்ந்து தினம் பஸ்ஸுல வருவா. உள்ள வந்ததும் புர்காவை மடிச்சுப் பையில வெச்சுட்டு, நாற்காலிய இழுத்துப் போட்டு, இவா செஞ்சதைக் கிண்டல் பண்ண ஆரம்பிச்சுடுவாளாம். "இவா, நீ வெச்ச பட்டனைக் கண்டுபிடிக்க டார்ச் லைட் வேணும்டி." இவா எழுதற ஆளு, நசீம் அழிக்கற ஆளு. இது ஜாஸ்தி, அது பேஜார், இதைத் தூக்குன்னு அழிச்சுக்கிட்டே இருப்பா. கடைசியில பார்த்தா மிச்சம் இருக்கறது அழகா இருக்குமாம்.

படிப்பு முடியறப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு செருப்புக் கடைக்கு சைட் செஞ்சாங்க. காட்டற அன்னிக்கு நசீம் தன்னோட அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தா. அவங்கதான் முனவ்வர் பேகம், நசீம் அம்மின்னு கூப்பிடறதைப் பார்த்து இவாவுக்கும் அம்மி. உருது படிப்பாங்க, வேற எதுவும் படிக்கத் தெரியாது. மவுஸை சப்பாத்திக் கட்டை மாதிரி ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, நேரா ஒரு செருப்பு போட்டோ மேல போய் அமுக்கினாங்க. ஒண்ணும் ஆவல. வெலை வேற எங்கயோ ஒரு மூலையில சின்ன எழுத்துல இருந்துச்சு. அவங்க மறுபடி அமுக்கினாங்க. அப்புறம் திரும்பி, "கடையில செருப்பைத் தொட்டா வெலை சொல்லுவான். இது வாயே தொறக்க மாட்டேங்குதே"ன்னாங்களாம். பொண்ணுங்க ரெண்டும் சிரிச்ச சிரிப்புல சார் எழுந்து வந்துட்டாராம். அன்னிலேர்ந்து இவா எந்தப் படத்தைப் போட்டாலும், அதைத் தொட்டா அது பதில் சொல்லும்.

"இப்ப எங்க அந்த நசீம்?"னு கேட்டேன்.

"தெரியல"ன்னா. அப்புறம் மிச்சத்தையும் சொன்னா.

நசீமுக்கு நிக்காஹ் முடிவாகி, மாப்பிள்ளை மஸ்கட். சென்டர்ல கடைசி நாள் அவ ஒரு வெள்ளைத் தாள்ல ஸ்கெட்ச் பேனாவால இவாவோட பேரை எழுதினா. மருதாணி போடற கை அது. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனா ஒவ்வொரு எழுத்துலேர்ந்தும் கொடி ஒண்ணு கெளம்பி அடுத்த எழுத்தைப் புடிச்சுக்கும். அதை ஸ்கேன் பண்ணி இவா கையில குடுத்துட்டு, "நீ செய்யற சைட்டு எல்லாத்துலயும் கீழ இதைப் போடணும். நான் எந்த ஊர்ல இருந்தாலும் உன் பேரை அடிச்சுத் தேடுவேன். மொத பக்கத்துல நீ இருக்கணும், ஆமா சொல்லிட்டேன்"னா.

முதல் வருஷம் லெட்டர் வந்துச்சு, மெயில் வந்துச்சு. அப்புறம் அவ வீட்டுக்காரர் வேலை மாறி ஜெட்டா பக்கம் போய்ட்டாராம், இவா போட்ட லெட்டர் திரும்பி வந்துடுச்சு. ஆக்னஸ் அம்மா ரிட்டையர் ஆனதும் இவங்களும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி வாடகை வீட்டுக்கு வந்துட்டாங்க, போன் நம்பரும் போச்சு. அந்த இலவச மெயில் குடுத்த கம்பெனியையும் ஒருநாள் மூடிட்டாங்க. இவா ஆம்பூருக்கே போய்ப் பார்த்திருக்கா. நசீம் வீட்டு கேட்ல வேற யாரோட போர்டோ தொங்குது. அவ அண்ணன் சத்தார் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாணியம்பாடி போய்ட்டாருன்னு ஒருத்தர் சொன்னாரு, பெங்களூருன்னு இன்னொருத்தர் சொன்னாரு. யாருக்கும் தெரு பேர் தெரியல.

அதுக்கப்புறம் அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கடைசி நாள் பேச்சுதான். நசீம் தேடுவா, நாம கெடைக்கணும். அவ்ளோதான். அதுக்காகவே இந்த வேலையில உக்காந்தான்னு கூட சொல்லுவேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டாங்க, போகல. "அங்க போனா வேலை என்னோடது, பேர் அவங்களோடதாயிடும்"ன்னா. காலையில வந்ததும் ஜன்னலத் தொறப்பா, சின்னதா ஒரு ஜெபம் பண்ணுவா, அப்புறம் நசீமுன்னிசா ஆம்பூர்னு அடிச்சுத் தேடுவா. ஒருநாள் கூட விட்டது கெடையாது. எங்கயாச்சும் ஒரு போட்டோ, ஒரு ஸ்கூல் விழா, எதுலயாச்சும் அவ பேர் வராதான்னு. வராது. நாங்க செஞ்ச சைட்டுங்களே வரிசையா வந்து நிக்கும். அதைப் பார்த்தாலே அவளுக்கு முகம் மலர்ந்துடும். "பார்த்தியா, நாம மேலதான் இருக்கோம். அவ தேடினா கெடைச்சுடுவோம்"பா. நானும் சரின்னு நம்பிக்கிட்டிருந்தேன்.

ஆக்னஸ் அம்மா எப்பவாச்சும் படியேறி வருவாங்க. மூச்சு வாங்கிக்கிட்டே, "உன் பொண்ணு யாருக்காகக் காத்திருக்கான்னு சபையில கேக்கறாங்க தேவிகா, நான் இன்னான்னு சொல்லட்டும்"பாங்க. இவா திரும்பாமலே, "தோஸ்துக்காகன்னு சொல்லும்மா"ம்பா. நானும் அம்மாவும் சிரிப்போம். இவா சிரிச்சு நான் பார்த்ததில்ல.

ரெண்டாயிரத்தி ஏழு, ஐப்பசி மழை. ஆம்பூர்லேர்ந்து காசிநாதன்னு ஒருத்தர் வந்தாரு. ஷூவோட மேல் பாகம் தைக்கற யூனிட் வெச்சிருக்காரு. சந்தேகப் பேர்வழி, ஆனா நல்ல மனுஷன். இவா உள்ள வேலையா இருந்தா, நான்தான் அவருக்கு அந்த நீலப் பரீட்சைய நடத்திக் காட்டினேன். எங்க அப்பாவோட லுங்கி சைட்டைத் திறந்து, "இங்க பாருங்க சார், மேலேர்ந்து இழுக்கறேன், எல்லாம் நீலமாவுதா?"ன்னு பெருமையா அடிவரைக்கும் இழுத்தேன்.

அவரு கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு குனிஞ்சு பார்த்தாரு. "எல்லாம் ஆவுதும்மா. கீழ இந்தக் கொடி போட்ட பேரு மட்டும் ஏன் ஆவல?"

"அது கையெழுத்து சார்"னு சொல்லிச் சமாளிச்சு, அவரை அனுப்பிட்டேன். அனுப்பிட்டு வந்து உக்காந்தா எனக்குக் கை ஓடல.

படத்தைப் போடறப்ப அதுக்குப் பின்னால நாலு வார்த்தை எழுதி வெக்கலாம். வெளிய தெரியாது, ஆனா தேடற மெஷின் அதைப் படிக்கும். கம்பெனிக்காரங்க படம் ஒவ்வொண்ணுக்கும் இவா அதைப் பார்த்துப் பார்த்து எழுதுவா. அவ பேருக்குப் பின்னால இன்னா எழுதியிருக்கான்னு திறந்து பார்த்தேன். நசீமுன்னிசா, ஆம்பூர். அவ்ளோதான் இருந்துச்சு. வரைஞ்சவ பேரை வெச்சிருக்கா. எந்த சைட்டைத் திறந்தாலும் அதேதான். இவாஞ்சலின்ங்கற பேரு எதுலயும் எழுத்தா இல்ல.

"இவா, இங்க வா. உன் பேரை என்னிக்காச்சும் தேடிப் பார்த்திருக்கியா?"

"என் பேரை நான் எதுக்குத் தேடணும்? நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

நான் அடிச்சேன். இவாஞ்சலின், வேலூர். யாரோ வெள்ளைக்காரங்க வந்தாங்க, ஒரு சர்ச் வந்துச்சு, ஒரு டாக்டரம்மா வந்தாங்க. பக்கம் பக்கமா தள்ளினேன். எங்க இவா எங்கயும் இல்ல. அப்புறம் நசீம் பேரை அடிச்சேன். எங்க சைட்டுங்க எல்லாம் சமர்த்தா வந்து நின்னுச்சு.

எனக்குக் கோபம் வந்தா வாய் நிக்காது. "ஊர்ல இருக்கறவனை எல்லாம் நீலமாவுதா நீலமாவுதான்னு கேட்டியே, உன் பேரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தியாடி? நசீம் அவளோட பேரையா தேடிக்கிட்டிருப்பா?"ன்னு கத்திட்டேன்.

அவ நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. அந்தக் கொடி மேல மவுஸை வெச்சு இழுத்துப் பார்த்தா. மறுபடியும் இழுத்தா. "அவ என் பேரைத்தானே அடிச்சிருப்பா"ன்னா. அப்புறம் கீபோர்டு மேலயே தலைய வெச்சுக்கிட்டு அழுதா. கீழ பாத்திரக் கடையில யாரோ குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் அவ முதுகைத் தடவிக்கிட்டு நின்னேன், வேற இன்னா செய்ய.

படத்தை எடுத்துடலாம்னு சொன்னேன். "அது மட்டும் முடியாது"ன்னுட்டா. அது நசீம் எழுதினது, அது இருக்கட்டும்னு, அதுக்குக் கீழ டைப் பண்ணா: செய்தவர் இவாஞ்சலின், லாங் பஜார், வேலூர், பாகாயத்துக்காரி. தமிழ்ல ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை, போன் நம்பரோட. நாங்க செஞ்ச ஒவ்வொரு சைட்டையும் திறந்து அதைச் சேர்த்தோம். முடிக்கவே ஒரு வாரம் போச்சு.

தேடற மெஷின் வந்து திரும்பப் படிக்கறதுக்கு நாளாகும். அந்த நாளுங்கதான் ரொம்பக் கஷ்டம். அவ இப்ப காலையில தன் பேரையே தேட ஆரம்பிச்சா. முதல்ல வரல. அப்புறம் அஞ்சாம் பக்கம். கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ் ஜன்னல்ல நட்சத்திரம் கட்டறப்ப ரெண்டாம் பக்கம் வந்துட்டா. நட்சத்திரத்தை இறக்கறதுக்குள்ள முதல் பக்கம். அவ சந்தோஷப்படல. "இனிமே தேடுவாளா? எத்தனை தடவை தேடி அலுத்தாளோ"ன்னா. போன் அடிச்சா போதும், செஞ்சுக்கிட்டிருக்கறதைப் போட்டுட்டு நிமிர்ந்து என் மூஞ்சியப் பார்ப்பா. நான் கம்பெனிக்காரங்க பேரைச் சொன்னதும் குனிஞ்சுக்குவா.

பொங்கல் முடிஞ்சு ஒருநாள் போன் வந்துச்சு. கை வேலையா இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டேன்.

"இவாஞ்சலின் இருக்காங்களா?"ன்னு ஒரு பொம்பளைக் குரல். தூரத்துலேர்ந்து வர்ற போன்னு இரைச்சல்லயே தெரிஞ்சுது.

இவா எழுந்து நின்னுட்டா. "நசீம்."

"மொத பக்கத்துல இருக்கடி"ன்னுச்சு அந்தக் குரல்.

அப்புறம் ரெண்டு பக்கமும் அழற சத்தம்தான் கேட்டுச்சு. ஸ்பீக்கரை அணைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அப்புறம் நசீம்தான் சொன்னா. அவ பொண்ணுக்கு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் வெச்சிருக்காங்களாம். வீட்ல கூகுளைத் திறந்து கீபோர்டு காட்டிக் குடுக்கறப்ப, இன்னா பேர் அடிக்கறதும்மான்னு கேட்டுச்சாம். இவா பேரையும் வேலூரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாளாம். சும்மா, பழக்கத்துல.

இவா மூக்கைத் துடைச்சுக்கிட்டு சிரிச்சா. நான் பார்த்து முதல் தடவை. "அம்மி எப்படி இருக்காங்க? நான் இன்னும் அவங்களைக் கேட்டுத்தான் ஒவ்வொரு பக்கமும் செய்யறேன், தெரியுமா?"



"அம்மி போய்ட்டாங்க இவா. ரெண்டாயிரத்தி நாலுல, வாணியம்பாடியில. நான் வந்திருந்தேன். ஒரு மாசம் இருந்தேன். அம்மி கடைசியா உன்னைக் கேட்டாங்க. பாகாயத்துக்கு ஆட்டோ வெச்சுக்கிட்டு வந்தேன், குவார்ட்டர்ஸ்ல வேற யாரோ இருந்தாங்க. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து உன் பேரை மாத்தி மாத்தி அடிச்சேன். நீ வரல. கல்யாணம் ஆகி இந்த வேலைய விட்டுட்டன்னு நெனச்சுக்கிட்டுப் போய்ட்டேன்."

பழைய பஸ் ஸ்டாண்டுலேர்ந்து எங்க ஆபீஸுக்கு நடந்தே வந்துடலாம். அப்பவும் இவா இங்கதான் இருந்தா. இவாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

"எப்ப வர்ற?"ன்னு இவா கேட்டா.

"இனிமே யாருக்குன்னு வர்றது? அம்மி இல்ல. ஆம்பூர் வீடு இல்ல. சத்தார் பாயும் குடும்பத்தோட துபாய் போய்ட்டாரு. அந்தத் தடவைதான் கடைசின்னு நெனச்சு, எல்லாத்தையும் ஒருவாட்டி பார்த்துட்டுத்தான் பிளேன் ஏறினேன்."

"நான் இருக்கேன்ல."

"நீ இருக்கேன்னு எனக்கு இப்பத்தானே தெரியுது."

போன் கார்டுல காசு தீர்ந்துடுச்சு போல, லைன் கட்டாயிடுச்சு. நம்பர் அவகிட்ட இருக்கு, மறுபடி கூப்பிடுவான்னு நான் சொன்னேன். இவா தலையாட்டினா. முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து உக்காந்தா. காசிநாதனோட ஷூ சைட்டு பாதியில கெடந்துச்சு. படத்தை எங்க வெக்கறது, வெலைய எங்க வெக்கறதுன்னு கொஞ்ச நேரம் நகர்த்திக்கிட்டே இருந்தா. முடிச்சுட்டு எப்பவும் போல தலையச் சாய்ச்சுக்கிட்டு, "முனவ்வர் அம்மி"ன்னு ஆரம்பிச்சு, நிறுத்திட்டா.

நான் நாற்காலிய நகர்த்திக்கிட்டு அவ பக்கத்துல போய் உக்காந்தேன்.

"ஷூ மேலதான் அமுக்குவாங்க"ன்னு சொன்னேன்.